நீர்மூழ்கிக் கப்பலின் சிற்றுருவும் வண்ண வேலையும்

பெரியதொரு பொருளைச் சிறிய உருவிற் சமைத்துக் கண்டு மகிழ்தல் மக்கட்கு இயல்பாயமைந்த விருப்பங்களுள் ஒன்று. இளமையில் விளையாட்டாகத் தோன்றும் இவ்விருப்பம், வயதும் அறிவும் முதிருங்காலத்து ஆராய்ச்சியோடு கூடுமாயின், பொழுதுபோக்கு என்னும் நிலையைக் கடந்து ஒரு கலையாகவே விளங்குகின்றது. கப்பல், வானவூர்தி, புகைவண்டி முதலியவற்றின் சிற்றுருக்களைப் பகுதி பகுதியாக இணைத்துச் செய்தற்குரிய பிளாஸ்டிக் தொகுதிகள் இக்காலத்துக் கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றை ஒட்டி நிறுத்துதல் பொறுமையுடையார் எவர்க்கும் கைகூடும். ஆனால், ஒட்டி முடிந்த அப்பொருள் உண்மைக் கப்பலை நினைவூட்டுவதும், வெறும் பொம்மையாய் நின்றுவிடுவதும் அதன்பின் நிகழும் வண்ண வேலையையே பெரிதும் பொறுத்தனவாம். இக்கட்டுரையில் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றன் சிற்றுருவுக்கு வண்ணந் தீட்டி நுணுக்கங்களை அமைக்கும் முறையினை எடுத்துரைக்க முயல்வோம்.

இவ்வேலைக்கு விதிகள் பல கூறப்படினும், அவையனைத்தும் ஒரு விதியுள் அடங்கும். அஃது யாதெனின், சிற்றுருவின்மேல் நாம் இடும் ஒவ்வொரு நிறத்துக்கும், ஒவ்வொரு கறைக்கும், ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு காரணம் இருத்தல் வேண்டும் என்பதே. பார்ப்பதற்கு அழகாயிருக்கும் என்பது தக்க காரணமாகாது. உண்மைக் கப்பலில் அது நிகழ்ந்திருக்குமா, எதனால் நிகழ்ந்திருக்கும் என்று வினவி, விடை பெற்ற பின்னரே தூரிகையைத் தொடுதல் வேண்டும்.

எடுத்துக்கொண்ட கப்பல்

பொதுவாகப் பேசுவதினும் ஒரு கப்பலைக் குறித்துப் பேசுவது தெளிவு தரும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியர் மிகுதியாகக் கட்டிய நீர்மூழ்கிகள் 7சி என்னும் வகையைச் சார்ந்தவை. அவ்வகையில் 500க்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 67.1 மீட்டர் நீளமும் 6.2 மீட்டர் அகலமும் உடையது. அதனுள் ஏறத்தாழ 50 பேர் வாரக்கணக்கில் வாழ்ந்தனர். இவ்வகையுள் யூ-96 என்னும் கப்பல் உலகறிந்தது. 1941ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் பிரான்சு நாட்டுச் சென்நசேர்த் துறைமுகத்தினின்று அது புறப்பட்ட பயணத்தில், லோதர் கூந்தர் புக்ஹைம் என்பார் போர்ச்செய்தியாளராகச் சென்று புகைப்படங்கள் பல எடுத்தார். பின்னர் 1973இல் அப்பட்டறிவை ஒரு புதினமாக எழுதினார். 1981இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஆதலின், இக்கப்பலைச் செய்ய விழைவார்க்குப் பார்த்தறிதற்குரிய சான்றுகள் மிகுதி.

கப்பலைத் தெரிந்தால் மட்டும் போதாது. நாளையும் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். ஒரே கப்பல் ஆண்டுக்காண்டு தோற்றம் மாறியது. தொடக்கத்தில் முன்தளத்தின்மேல் 8.8 செண்டிமீட்டர்ப் பீரங்கியொன்று இருந்தது. வானூர்திகளின் தாக்குதல் பெருகிய பின், 1943ஆம் ஆண்டையொட்டி, பெரும்பாலான கப்பல்களினின்று அது நீக்கப்பட்டது. கோபுரத்தின் பின்புறம் விரிவாக்கப்பட்டு, வானூர்திகளைச் சுடும் துப்பாக்கிகள் பல வைக்கப்பட்டன. பயணந் தொடங்கும் நாளிலுள்ள வண்ணம் வேறு. திரும்பும் நாளிலுள்ள வண்ணம் வேறு. எனவே நாம் 1941ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாளை, அஃதாவது யூ-96 ஏறத்தாழ 40 நாட் பயணம் முடித்துச் சென்நசேருக்குத் திரும்பிய நாளை, நம் சிற்றுருவின் நாளாகக் கொள்வோம். ஒரு கப்பல், ஒரு நாள் என்று வரையறுத்துக்கொண்டால் ஐயங்கள் பாதி தீரும்.

அளவும் கணக்கும்

நம் சிற்றுரு 72இல் ஒரு பங்கு எனக் கொள்க. 67.1 மீட்டர் நீளமுடைய கப்பல் அவ்வளவில் 93 செண்டிமீட்டராகக் குறுகும். ஐந்தே முக்கால் அடி உயரமுள்ள மாலுமி ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் உயரத்தினனாவான். இக்கணக்கை வண்ண வேலை முழுவதும் மறவாதிருத்தல் நலம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு வண்ணத்தை அப்பிவிட்டால், அஃது உண்மைக் கப்பலில் 7 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட சாந்து பூசியதற்கு ஒப்பாகும். துருக்கறை ஒன்றை அரை செண்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்தால், அஃது உண்மையில் முக்கால் முழத்துக்குக் குறையாத 36 செண்டிமீட்டராக விரியும். கைக்கு எளிதாய்த் தோன்றுவது கணக்குக்குப் பொருந்தாது போதலை இவற்றால் அறியலாம்.

நிறத்துக்கும் அளவுண்டு. ஒரு மீட்டர்த் தொலைவில் நின்று இச்சிற்றுருவை நோக்குதல், உண்மைக் கப்பலை 72 மீட்டர்த் தொலைவினின்று நோக்குதலுக்கு ஒப்பாம். தொலைவிலுள்ள பொருளின் நிறம் இடையிலுள்ள காற்றினால் வெளிறித் தோன்றும். மலைத்தொடர்கள் தொலையத் தொலைய வெளிறித் தோன்றுவதை நாம் அறிவோம். ஆகவே கப்பலுக்குப் பூசிய அதே வண்ணத்தை அப்படியே சிற்றுருவுக்குப் பூசின், அது கனத்துக் கறுத்துக் காணப்படும். அதனுடன் சிறிது வெண்மை கலந்து பூசுதல் அனுபவமுடையார் வழக்கம். இக்காரணம் பற்றியே, தனிக் கருமையும் தனி வெண்மையும் சிற்றுருவின்மேல் இடப்படுவதில்லை.

முன்னேற்பாடுகள்

பிளாஸ்டிக் பகுதிகள் அச்சினின்று எளிதிற் கழன்று வருதற்காக இடப்பட்ட எண்ணெய்ப் பசை அவற்றின்மேல் ஒட்டியிருக்கும். அது போகாவிடின் வண்ணம் பற்றாது. ஆதலின் வெதுவெதுப்பான சோப்பு நீரிற் கழுவி நிழலில் உலர்த்துதல் முதல் வேலை. ஒட்டிய இடங்களிலுள்ள இடைவெளிகளைப் புட்டி வைத்து அடைத்து, நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமனாக்குதல் இரண்டாவது.

மூன்றாவது வேலை இக்கப்பலுக்கே சிறப்பாக உரியது. நீர்மூழ்கியின் உடல் இருபடையானது. மாந்தர் வாழும் உள்ளுடல், கடலின் அழுத்தத்தைத் தாங்கவல்ல உருண்ட எஃகுக் குழாயாகும். நாம் வெளியிற் காணும் மேற்றளமும் அதனையடுத்த பக்கங்களும் அக்குழாயின்மேற் கவிந்த மெல்லிய தகட்டுக் கூடேயன்றி வேறன்று. கப்பல் மூழ்கும்போது கடல்நீர் அக்கூட்டினுள் தடையின்றிப் புகவும், எழும்போது தடையின்றி வெளியேறவும் வேண்டும். இல்லையேல் காற்று உள்ளே தங்கி மூழ்குதலைத் தடுக்கும். போர்க்காலத்தில் இக்கப்பல் ஏறத்தாழ 30 வினாடியில் கடலுள் மறையவேண்டியிருந்தது. பகைவரின் வானூர்தி கண்ணிற்பட்டபின் கிடைக்கும் காலம் அவ்வளவே. அதன்பொருட்டே பக்கங்களில் வரிசை வரிசையாகத் துளைகள் விடப்பட்டன. அத்துளைகளின் ஒழுங்கு கட்டிய தளத்துக்குத் தளம் வேறுபட்டது. தொகுதிகளில் இவை வெறும் பள்ளங்களாக வார்க்கப்பட்டிருப்பின், கையாற் சுழற்றும் சிறு துளைக்கருவி கொண்டு ஒவ்வொன்றையும் திறந்து, கூர்ங்கத்தியால் ஓரஞ்செய்து, கூட்டின் உட்புறத்துக்குக் கரிய வண்ணம் பூசுதல் வேண்டும். சலிப்பூட்டும் வேலையே, எனினும், திறந்த துளைகளின் வழியே இருள் தெரியும்போதுதான் பார்ப்பவர், இது நீர் புகுந்து வெளியேறும் கூடு என உணர்வர்.

அடிப்பூச்சும் மேற்பூச்சும்

இவையெல்லாம் முடிந்தபின் பிரைமர் என்னும் அடிப்பூச்சினை மெல்லியதாகத் தெளித்தல் வேண்டும். முன்பு கண்ணுக்குத் தெரியாதிருந்த கீறலும் மேடும் இவ்வொருநிறப் பூச்சிற் புலப்பட்டுவிடும்; அவற்றை அப்பொழுதே திருத்திக்கொள்ளலாம். ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத்தூரிகை உடையார்க்கு மேற்பூச்சு எளிது. இல்லாதார் அகன்ற மென்தூரிகையால், நீர்த்த வண்ணத்தை மூன்று நான்கு முறை, ஒரு பூச்சு நன்கு உலர்ந்தபின் மறுபூச்சாகப் பூசி அதே பயனைப் பெறலாம்.

இனி, நிறங்கள் எவை என்னும் வினா எழுகின்றது. கோபுரமும் நீர்க்கோட்டுக்கு மேற்பட்ட பக்கங்களும் பெரும்பாலும் இளஞ்சாம்பல் நிறத்தன. அட்லாண்டிக் மாகடலின் மங்கிய வானத்தோடும் அலையோடும் கலந்து மறைதற்கு அந்நிறமே தக்கது. அக்காலத்து நீர்மூழ்கி, பெயர் அவ்வாறாயினும், தன் காலத்தின் பெரும்பகுதியை நீர்மேலேயே கழித்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். டீசல் பொறிகளுக்குக் காற்றுத் தேவை. மின்கலங்கள் சில மணிநேரமே ஈடுகொடுக்கும். எனவே தாக்கவும் தப்பவும் மட்டுமே அது மூழ்கிற்று.

நீர்க்கோட்டுக்குக் கீழ்ப்பட்ட பகுதியைச் செந்நிறமாகத் தீட்டுவார் பலர். வணிகக் கப்பல்கள் பலவற்றின் அடிப்பாகம் செந்நிறமாயிருத்தலைக் கண்டு பழகியமையே இதற்குக் காரணம். ஆராய்ந்தோர் முடிபு, இக்கப்பல்களின் அடிப்பாகம் பெரும்பாலும் கருஞ்சாம்பல் நிறத்ததென்பதே. கறுப்புவெள்ளைப் படங்களைப் பார்த்து ஏன் இதனை எளிதில் தீர்மானிக்க இயலவில்லை எனின், அக்காலத்து வழங்கிய படச்சுருள்களுள் ஒருவகை சிவப்பொளியை உணராதது. அதிற் செந்நிறமும் கருஞ்சாம்பலும் ஒன்றுபோற் கறுத்தே பதியும். படம் பொய் சொல்லவில்லை; அது சொல்லாததை நாமே சொல்லிக்கொள்கின்றோம். காட்சிசாலைக் கப்பல்களின் இன்றைய வண்ணத்தையும் அப்படியே நம்புதல் கூடாது. ஜெர்மனியில் லாபோ என்னுங் கடற்கரையூரில் 1972 முதல் கரையேற்றி வைக்கப்பட்டிருக்கும் யூ-995, 7சி வகையினின்று சிறிது திருத்திய வகையினது. அதன் வடிவினை அளந்தறிதற்கு அஃது ஒப்பற்ற சான்று. ஆயின், திறந்தவெளியில் நிற்கும் அதன்மேலுள்ள வண்ணம் பிற்காலத்தார் காப்பின்பொருட்டுப் பூசியதேயாகும்.

மேற்றளம் மரச்சட்டங்களால் ஆனது. மரமென்றதும் மஞ்சட்பழுப்பு நிறத்தைத் தேடிச்செல்லுதல் இயல்பு. ஆனால் அச்சட்டங்கள் கடல்நீரால் அழுகாவண்ணம் கருநிறக் காப்புநெய் பூசப்பெற்றமையால் ஏறக்குறையக் கறுப்பாகவே தோன்றின. நாம் கருஞ்சாம்பலிற் சிறிது பழுப்புக் கலந்து பூசி, சட்டத்துக்குச் சட்டம் சாயலை மிகச்சிறிது வேறுபடுத்தினால் மரத்தின் தன்மை வெளிப்படும்.

இருநிறங்களும் சந்திக்கும் நீர்க்கோட்டினை நேராக வரைதற்கு எளிய வழியொன்றுண்டு. சிற்றுருவைச் சமதளப் பலகையின்மேல் அசையாது நிறுத்தி, தக்க உயரமுள்ள மரக்கட்டையின்மேல் பென்சிலைப் படுக்கவைத்துக் கட்டி, அக்கட்டையைச் சுற்றிலும் நகர்த்தி வருக. கோடு எவ்விடத்தும் ஒரே உயரத்தில் அமையும். அதனையொட்டி மாஸ்கிங் டேப்பினை அழுத்தி ஒட்டி, மறுநிறத்தைப் பூசி, வண்ணம் முற்றும் இறுகுமுன் மெல்ல உரித்தெடுத்தல் வேண்டும்.

கடலின் கையெழுத்து

இதுவரை செய்தது கப்பல் கட்டுந்தளத்தின் வேலை. இனிச் செய்யவேண்டுவது கடலின் வேலை. 40 நாட் கடலில் உழன்ற கப்பல் புதிதுபோல் இராது. அவ்வாறே, 40 ஆண்டு கடலடியிற் கிடந்த கப்பல்போலவும் இராது. இவ்விரண்டினையும் வேறுபடுத்தாது, கண்டவிடமெல்லாம் துருவைத் தடவுதலே இக்கலையில் மிகுதியாகக் காணப்படும் குறை. இங்குத்தான் நாம் முதலிற் கூறிய காரணவிதி பெரிதும் உதவும்.

கப்பல் எழுந்தோறும் துளைகளின் வழியே நீர் வடிகின்றது. ஆதலின் ஒவ்வொரு துளையின் கீழும் மெல்லிய கறைக்கோடு தோன்றும். அக்கோடு மேலினின்று கீழாகவே செல்லும். பக்கத்துத் தொட்டிகளின் புடைப்பை அடைந்ததும் அதன் வளைவைத் தழுவியே இறங்கும். முன்தலை அலையை ஓயாது எதிர்த்து மோதுமாதலால் அங்கு வண்ணம் உரிந்து துருப்படியும். நீர்க்கோட்டின் ஓரம் நனைந்தும் உலர்ந்தும் வருதலின் அங்குப் பசிய பாசி படரும். பொறிகளின் புகை பின்புறத்துப் பக்கவாயில்கள் வழியே வெளிவருதலால் அவற்றையடுத்த இடம் கரிபடியும். மாலுமிகள் நடமாடும் கோபுரவாயிலும் பீரங்கியடியும் காலடிகளால் தேய்ந்து வெளிறும். உப்புநீர் உலர்ந்த இடங்களில் வெண்பூப் பூக்கும். சுழல்விசிறிகள் வெண்கலத்தாலானவை; அவற்றுக்குச் செந்துருவே இல்லை, மங்கிய பொன்னிறமே உண்டு.

இவற்றைத் தீட்டுமுன் மேற்பூச்சின்மேல் வார்னிஷ் ஒருமுறை பூசிக் காயவிடுதல் வேண்டும். பின்வரும் வேலை தவறினும் அடிநிறம் கெடாது. ஓவியர் பயன்படுத்தும் எண்ணெய் வண்ணத்தில் ஒரு துளியைத் துளையின் கீழ் வைத்து, ஒயிட் ஸ்பிரிட் என்னும் தின்னரில் நனைத்துப் பிழிந்த தூரிகையால் கீழ்நோக்கி மெல்ல இழுத்தால் கறைக்கோடு அமையும். மிகுந்துவிட்டால் அதே தூரிகையால் துடைத்துவிடலாம். கரியையும் உப்புப்பூவையும் நிறப்பொடி கொண்டு ஒற்றியெடுத்தல் எளிது. எல்லாம் முடிந்தபின் பளபளப்பற்ற வார்னிஷ் ஒரு பூச்சுத் தெளித்தால் யாவும் ஒன்றாக இணையும். ஒவ்வொரு கறையையும் போதும் என்று தோன்றுதற்குச் சற்று முன்னரே நிறுத்துக.

கடற்பழக்கமுடைய எஃகைக் கண்ணாற் கண்டு பயில விரும்பும் நம் மாணவர்க்கு ஜெர்மனி செல்லவேண்டிய தேவையுமில்லை. 1969 முதல் 2001 வரை இந்தியக் கடற்படையிற் பணிசெய்த குர்சுரா என்னும் நீர்மூழ்கி, 2002 முதல் விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் காட்சிசாலையாக நிற்கின்றது. அது சோவியத் நாட்டில் கட்டப்பட்ட வேறு வகையினதாயினும், நீர்த்துளைகளும் மேற்கூடும் எத்தகையன என்பதை நேரிற் காட்டும்.

நுணுக்கங்களும் ஒரு கொடியும்

இறுதியில் வருவன நுண்பொருள்கள். முன்தலையினின்று கோபுரத்துக்கும், கோபுரத்தினின்று பின்தலைக்கும் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருந்தன. அவை வானொலிக்கும் பயன்பட்டன. பிளாஸ்டிக் தொகுதியின் எஞ்சிய தண்டொன்றை மெழுகுவர்த்திச் சுடரின்மேற் காட்டி, இளகியதும் இருபுறமும் இழுத்தால் தலைமயிர்போன்ற இழை கிடைக்கும். கம்பிக்கு அதுவே போதும். கோபுரத்தின் இருபக்கத்தும் யூ-96இன் சின்னமாகிய, சிரிக்கின்ற இரம்பமூக்கு மீன் இடம்பெறும். நீரில் நனைத்து ஒட்டும் சித்திரத்தாளாக அது தொகுதியுடன் வருவதுண்டு. பளபளப்பான வார்னிஷின்மேல் ஒட்டினால் விளிம்பு தெரியாது படியும்.

இன்னும் ஒன்றுள்ளது. வெற்றியுடன் திரும்பும் கப்பல்கள், தாம் அப்பயணத்தில் மூழ்கடித்த கப்பல் ஒன்றுக்கு ஒன்றாகச் சிறு முக்கோணக் கொடிகளை, அவற்றின் டன் கணக்கை எழுதி, வரிசையாகப் பறக்கவிடும் வழக்கமிருந்தது. சிற்றுருவில் அக்கொடி நகத்தளவுமில்லாத தாட்டுண்டு. சாம்பல் நிறமே நிறைந்த கப்பலில் ஒரு கொடிமாலை கண்ணுக்கு இனிதாகுமாதலால், அதனை நீளமாகத் தொங்கவிடக் கை துடிக்கும். ஆனால் காரணவிதி இங்கும் நம்மைத் தடுக்கின்றது. நாம் தெரிந்துகொண்ட பயணத்தில் யூ-96 மூழ்கடித்தது பென்னேகோம் என்னும் டச்சுக் கப்பல் ஒன்றனையே. அவ்வழக்கின்படி ஒரு கொடிக்கே இடமுண்டு.

அக்கொடி எதனைக் குறிக்கின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும். இதே யூ-96, 1941ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அல்மேடா ஸ்டார் என்னும் பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தது. அதிலிருந்த 360 பேருள் ஒருவரும் பிழைத்திலர். அதற்கு நான்கு திங்கள் முன்னர், யூ-48 என்னும் மற்றொரு நீர்மூழ்கி சிட்டி ஆப் பெனாரஸ் என்னும் கப்பலைத் தாக்கியது. போருக்கு அஞ்சிக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகளுள் 77 பேர் அதில் மாண்டனர். அவர்களோடு மாண்டோருள் நம் நாட்டு மாலுமிகளும் பலர். மறுபுறத்தே, ஜெர்மனியின் நீர்மூழ்கிகளிற் சென்ற ஏறத்தாழ 40,000 பேருள் ஏறத்தாழ 30,000 பேர் கரை திரும்பவில்லை. யூ-96ம் 1945ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் வில்ஹெல்ம்சாபன் துறைமுகத்தில் வானூர்திகளின் குண்டுவீச்சில் அழிந்தது.

இவ்வாறாயின் இத்தகைய கப்பலைச் சிற்றுருவாகச் செய்தல் தகுமோ எனச் சிலர் வினவலாம். தகும் என்பதே நம் கருத்து. ஆயின், புகழ்ச்சிக்கென்று அன்று, அறிவுக்கென்று செய்தல் வேண்டும். கொடிமாலையை நீட்டினால் நாம் பொய்யான வெற்றியைக் காட்டுவோம். கொடியை அறவே நீக்கினால் அக்கப்பல் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை மறைப்போம். உள்ளது ஒன்றாயின் ஒன்றையே வைத்தல் நேர்மை. கண்ணாடிப் பேழையிலுள்ள அச்சிற்றுருவை நோக்கி, இக்கொடி யாது என ஒருவர் வினவுவாராயின், செய்தவர் அதற்கு விடை கூற அறிந்திருத்தல் வேண்டும். துளையின் கீழுள்ள கறைக்கு விடை கூற அறிந்திருத்தல் போலவே.

சிறு தூரிகை கொண்டு செய்யும் இவ்வேலை நம் மாணவர்க்குக் கைத்திறனை மட்டுமன்றி, கண்டதைக் கண்டவாறு கூறும் பழக்கத்தையும், காணாததைக் கண்டதாகக் கூறாத அடக்கத்தையும் ஒருங்கே பயிற்றுகின்றது. ஓய்வு நேரத்தில் இதனை மேற்கொள்வோர், தாம் செய்யும் கப்பல் எத்துணைச் சிறிதாயினும், அதன்மேல் ஒரு பொய்க்கறையும் இடாதிருக்கக் கடவர்.